மாப்பிள்ளைக்குப் பத்து நிமிடம்

என் வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். இரண்டு வருடத்துக்கு முன் என் பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி, இனி வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஆனபோது, அதை அப்படியே எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்று வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். கோட்டுப் பொத்தான் அளவில், சிவப்பாக, ஈரமாக இருக்கும். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். சாப்பிட்டதெல்லாம் அதில் வந்து சேரும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அதைக் காலி செய்ய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்டதும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொள்கிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது.

நேரத்துக்குச் சாப்பாடு கேட்கிறான், கவனிப்பு கொஞ்சம் குறைந்தால் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டு மானத்தை வாங்குகிறான், சமாதானம் செய்தால் முறுக்கிக்கொள்கிறான், இவன் மாப்பிள்ளையேதான் என்றார் வீட்டுக்காரர். எங்கள் வீட்டுக்கு வந்து நீங்கள் செய்யாததையா அவர் செய்துவிட்டார் என்று கேட்டேன். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள்.

வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். பையைத் தோலோடு ஒட்டவைக்கும் மெல்லிய பசைத் தட்டில் நடுவே ஓட்டை வெட்ட வேண்டும். மாப்பிள்ளையின் சுற்றளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் சுற்றியுள்ள தோல் வெந்துபோகும், சிறிதாக வெட்டினால் அழுத்தும். அவர் அளவுகோல், பென்சில், வளைந்த கத்தரி எல்லாவற்றோடும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஸ்விட்ச் போர்டுக்கு ஓட்டை போடுகிற கவனத்தோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு தட்டுகளை வெட்டி அடுக்கிவிடுவார். அன்பைச் சொல்லத் தெரியாத மனிதர். எனக்கு அந்த அடுக்கே போதும்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். பதினாலு வருட அனுபவம். கை கழுவி, கவுன் மாட்டி, டாக்டருக்கு எதிரே நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. டாக்டர் கேட்பதற்கு முன்பே அடுத்து எது வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும். எனக்கு உலகத்தில் வேறு எதுவும் இந்த அளவுக்கு நன்றாக வராது. இதை அடக்கமாகச் சொல்லவும் எனக்கு வராது.

அறுவைக்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியபோது தியேட்டர் பொறுப்பிலிருக்கும் பெரிய சிஸ்டர் என்னைச் சின்ன ஆபரேஷன்களில் மட்டும் போட்டார். கட்டி எடுப்பது, குடலிறக்கம் தைப்பது, ஒரு மணி நேரத்தில் முடிகிறவை. நாலு மாதமாக அதேதான். பெரிய கேஸ்கள் நடக்கும் அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு போவேன். காரணம் கேட்டால், நீ நடுவில் வெளியே போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்பார். புதிதாக வந்த டாக்டருக்குப் பை விஷயமே தெரிய வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

பெரிய சிஸ்டரைப் புரிந்துகொள்ள எங்கள் ஜாதியைப் புரிந்துகொள்ள வேண்டும். தியேட்டர் நர்ஸ்கள் ஒரு தனி ஜாதி. எவ்வளவு நேரம் அசையாமல் நின்றோம் என்பதுதான் எங்கள் பெருமை. ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்குப் போகாமல் நின்றேன் என்று ஒருத்தி சொன்னால், நான் ஏழு என்பாள் அடுத்தவள். பெரிய சிஸ்டர் ஒன்பது மணி நேரம் நின்றவர். அந்தக் கதையைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் யாராவது சொல்லியே தீருவோம். டாக்டர்கள் நடுவில் போன் பேசப் போவார்கள், டீ குடிக்கப் போவார்கள். நாங்கள் போக மாட்டோம். யாரும் போகாதே என்று சொன்னதில்லை. நாங்களே கட்டிக்கொண்ட கட்டு அது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பெரிய கேஸ்களுக்கு நிற்கும் சீனியர் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை நாலு மணி நேர ஆபரேஷன். வேறு ஆள் இல்லை.

"நாளைக்கு நீ நில்லு. முழுசா நின்னுட்டேன்னா திங்கக்கெழம லிஸ்ட்லேர்ந்து பெரிய கேஸ் எல்லாம் உனக்கு. நடுவுல வெளிய போனேன்னா, கீழ் ரூமுக்கு மாத்திடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. நாளைக்கு நீ இருக்குறதே யாருக்கும் தெரியக் கூடாது."

கீழ் ரூம் என்றால் கருவிகளைக் கழுவி, கட்டி, ஆவியில் அவிக்கும் அறை. முக்கியமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கருவிகள் மட்டும்தான் இருக்கும், அவை எதற்குப் போகின்றன என்று பார்க்க முடியாது. அங்கே போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை.

சரி என்றேன்.

மறுநாளை நான் போர்க்களம் போலத் திட்டமிட்டேன். காலை நாலரைக்கு, குடலை மெதுவாக ஓடவைக்கும் மாத்திரை. ஐந்துக்குக் காய்ந்த ரொட்டியும் ஒரு வாழைப்பழமும். தண்ணீரைச் சின்னச் சின்ன மடக்காக. ஆறு மணிக்கு வீட்டில் ஒருமுறை பையைக் காலி செய்வது. பிறகு ஏழே முக்காலிலிருந்து ஏழு ஐம்பத்தைந்துக்குள், கை கழுவப் போகுமுன், கடைசியாக ஒருமுறை. அந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம். அப்போது காலி செய்துவிட்டால் பன்னிரண்டரை வரை மாப்பிள்ளை வாய் திறக்க மாட்டார். இதைக் கணக்காக அல்ல, இரண்டு வருடம் கூடக் குடித்தனம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன். லாக்கரில் மாற்றுப் பை, மாற்று உடை, ஈரத் துணி எல்லாம் வைத்தாயிற்று. வீட்டுக்காரர் தட்டுகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி என் கைப்பையில் போட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம் ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்லிவிட்டு, தன் வேலைக்குக் கிளம்பினார்.

ஏழரைக்கு மேஜை, கருவிகள், பஞ்சுத் துணிகள் எல்லாம் தயாராகிவிட்டன. ஏழு நாற்பதுக்கு, தியேட்டருக்கு வெளியே நோயாளிகளைக் காத்திருக்க வைக்கும் சின்ன அறைக்குப் போனேன். தள்ளுகட்டிலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா படுத்திருந்தார். பெயர், கையில் கட்டிய பட்டை, கையெழுத்து எல்லாம் சரிபார்த்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். தையல் என்றார். சொந்தக் கடை, இரண்டு மெஷின், பள்ளிச் சீருடைகள்தான் அதிகம். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டாராம்.

அவருக்கு மலக்குடலின் கடைசியில் புற்று. அதை எடுத்துவிட்டு, இடப்பக்கம் வயிற்றில் நிரந்தரமாக ஒரு வாய், டாக்டர்கள் பாஷையில் ஸ்டோமா, வைக்கப்போகிறார்கள். எனக்கு வலம், அவருக்கு இடம். வைக்க வேண்டிய இடத்தில் முந்தின நாள் வார்டில் சின்ன டாக்டர் நீல மையால் ஒரு புள்ளி குத்தியிருந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். தட்டையான வயிற்றில், அழகாக, பாடப் புத்தகத்தில் இருப்பது போலப் புள்ளி இருந்தது. குறித்துக்கொண்டேன். மணி ஏழு நாற்பத்தைந்து. என் பத்து நிமிடத்துக்கு நான் கிளம்ப வேண்டிய நேரம்.

அப்போது அந்த அக்கா தலையில் மாட்டிய துணித் தொப்பி கண்ணை மறைக்கிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

புள்ளியைக் காணோம்.

உட்கார்ந்ததும் வயிறு மடிந்து, மடிப்புக்குள் புள்ளி போய்விட்டது. இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. அங்கே வாய் வைத்தால் பை ஒட்டாது. காலையில் ஒட்டினால் மத்தியானம் கழன்றுவிடும். மெஷினில் குனிந்து உட்கார்ந்த மறு நிமிடம் சீருடைத் துணியெல்லாம் நாசம். தோல் வெந்து, கடையை மூடி, வீட்டில் முடங்கி, சாகும்வரை அவர் தன் வயிற்றைத் திட்டிக்கொண்டிருப்பார். எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. எனக்கு அவசரத்தில், குறியே போடாமல், உயிர் பிழைத்தால் போதும் என்று வைத்தார்கள். அது சரியாக இடுப்புக் கோட்டில் வந்து உட்கார்ந்தது. தியேட்டர் பேன்ட்டின் நாடாவை நான் நெஞ்சுக்குக் கீழே கட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து எல்லோரும் கேலி செய்வார்கள். காரணம் தெரிந்தவர் பெரிய சிஸ்டர் ஒருவர்தான்.

சின்ன டாக்டர் கெட்டிக்காரப் பையன், சோம்பேறி அல்ல. அவன் செய்தது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நாங்கள் மனிதர்களைப் படுத்த நிலையிலேயே பார்த்துப் பழகிவிட்டோம். கட்டிலில், மேஜையில், தள்ளுவண்டியில். அவர்கள் எழுந்து உட்காருவார்கள், குனிவார்கள், வேலைக்குப் போவார்கள் என்பது எங்களுக்கு மறந்தே போய்விடுகிறது.

மணி ஏழு நாற்பத்தெட்டு. இன்னும் போகலாம். போய்விட்டு வந்து சொல்லலாம் என்றால், அதற்குள் அந்த அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். மயங்கியவரை உட்காரவைத்துப் பார்க்க முடியாது. நாடகமாடாமல் சொல்கிறேன், ஒரு கணம் கழிப்பறைக் கதவைத்தான் பார்த்தேன். பிறகு, அந்த அக்காவை உள்ளே கூட்டிப்போக வந்த சின்ன டாக்டரிடம், பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன்.

எங்கள் சர்ஜனுக்குக் கடிகாரம் என்று பெயர். எட்டு என்றால் எட்டு. வந்து இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட ஒரு நிமிடம் பிந்தவில்லை. வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். குறியை மாற்ற வேண்டும் என்றேன். நேற்றே போட்டாயிற்றே என்றார்.

"அது படுத்திருக்குறவங்களுக்குப் போட்ட குறி, டாக்டர். இவங்க உக்காந்து வேலை செய்யுறவங்க."

"நீங்க ஸ்டோமா நர்ஸா?"

"இல்ல டாக்டர். ஸ்டோமா இருக்குற நர்ஸ்."

திரையை இழுத்து மூடினேன். சட்டையை ஒரு சாண் உயர்த்தினேன். அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து காட்டினேன். நாடா எங்கே வருகிறது, உட்கார்ந்தால் பையின் மேல் விளிம்பு எப்படி மடங்குகிறது, அந்த மடிப்பை எதிர்த்து நான் எத்தனை பட்டைகள் ஒட்டவேண்டியிருக்கிறது எல்லாவற்றையும் கடை விரித்தேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று நினைத்திருந்தேன். சின்ன டாக்டர் காது சிவக்கத் தரையைப் பார்த்தான். கடிகாரம் மட்டும் குனிந்து, டாக்டர் பார்க்கிற பார்வையாக, நிதானமாகப் பார்த்தார்.

பிறகு அந்த அக்காவிடம் உட்காரச் சொன்னார். எழுந்து நிற்கச் சொன்னார். மெஷினில் எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டார். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காலால் இல்லாத மெஷினை மிதித்து, முதுகை வளைத்து, கண்ணைச் சுருக்கி ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். கடிகாரம் ஸ்பிரிட்டால் பழைய புள்ளியைத் துடைத்துவிட்டு, மூன்று விரல்கடை மேலே, மடிப்புக்கு வெளியே, அந்த அக்காவே குனிந்தால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் புதிதாக ஒன்றைக் குறித்தார். அத்தனை நேரமும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த அக்காவின் பார்வை மட்டும் என் சட்டையிலேயே இருந்தது. அவருக்கு இந்த ஒரு மாதமாக இருந்த பயம் கத்தி அல்ல, அதற்குப் பிறகு வரும் வாழ்க்கை.

"இத வெச்சுக்கிட்டா தங்கச்சி இந்த வேலையெல்லாம் பாக்குறே?"

"இத வெச்சுக்கிட்டுத்தான்க்கா உங்களுக்கு இன்னைக்கு நான் நிக்கப் போறேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போன கை. பிறகு தானாகவே படுத்துக்கொண்டார்.

திரையை விலக்கினால் பெரிய சிஸ்டர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. இருக்கிறதே தெரியக் கூடாது என்று தான் சொல்லிவைத்தவள், சட்டையைத் தூக்கிக்கொண்டு சர்ஜன் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மணி எட்டு ஐந்து. சர்ஜன் ஏற்கெனவே தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு நிமிடமாவது வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். போய்க் கை கழுவு என்றார் பெரிய சிஸ்டர். ஆறு மணிக்குக் காலி செய்த பை கால்வாசி நிறைந்திருந்தது. என் பத்து நிமிடம் நீல மையாகி அந்த அக்காவின் வயிற்றில் போய்விட்டது. எனக்கு வருத்தமில்லை, ஆனால் பயம் இருந்தது. கை கழுவினேன்.

கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, யாருக்கு, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று உரக்கச் சொல்லிச் சரிபார்ப்பது வழக்கம். அந்த நேரத்தில் அறை நிசப்தமாக இருக்கும். சின்ன டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, யாருக்காவது ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டான். அந்த மௌனத்தில் மாப்பிள்ளை நீளமாக ஒரு சத்தம் போட்டார்.

நாலு மாதமாக இந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. சர்ஜன் முகமூடிக்கு மேல் புருவத்தை உயர்த்தினார். சந்தேகமில்லை, அவருக்கும் சம்மதம்தானாம் என்றேன். மயக்க மருந்து டாக்டரம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் தன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். கடிகாரம் கையை நீட்டினார். கத்தியை வைத்தேன்.

அதன்பிறகு மூன்றரை மணி நேரம் நான் நானாக இருந்தேன். அதை எப்படிச் சொல்வது. கவ்விகள், கத்தரிகள், நூல், பஞ்சுத் துணி, எண்ணிக்கை, மறுபடி நூல். இரண்டு மாதத்தில் என்னோடு ஒரு பெரிய கேஸும் செய்யாத அந்த மனிதர், முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. கையை நீட்டினார், வேண்டியது கையில் இருந்தது. இதற்குத்தான் நான் பிறந்தேன் என்றே தோன்றியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த நாலு மாதத்துக்கும் சேர்த்து எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

ஆனால் அந்த அக்காவின் வயிற்றுக்குள் குடல் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க நேரம் இழுத்தது. பதினொன்றே முக்காலுக்கு மாப்பிள்ளை விழித்துக்கொண்டார். முதலில் சூடு. பிறகு கனம். பன்னிரண்டுக்குப் பை தளும்பி, கவுனுக்குள் கீழே இழுத்தது. இன்னும் ஒன்றேகால் மணி நேர வேலை பாக்கி. கடைசியில்தான் வாயை வைத்துத் தைப்பார்கள். பெரிய சிஸ்டர் கால் மணி நேரமாகக் கதவோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

பல்லைக் கடித்து நிற்கலாம். எங்கள் ஜாதி அதைத்தான் செய்யும். அது தாங்கினால் திங்கட்கிழமை என் பெயர் பெரிய லிஸ்டில். தாங்காமல் ஒட்டு விட்டால், திறந்த வயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி என் கவுனிலிருந்து ஒழுகும். விரல் காய்த்துப்போன ஒரு பெண் என்னை நம்பிப் படுத்திருக்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தது. பதினாலு வருடம் இருந்தது. ஊசியைக் கொடுத்து, திரும்பி வாங்கி, இடத்தில் வைத்த பிறகு சொன்னேன்.

"டாக்டர், எனக்குப் பத்து நிமிஷம் வேணும். பை நெறஞ்சிருச்சு."

எந்தப் பை என்று அறையில் தெரியாதவர்களுக்கும் அப்போது தெரிந்திருக்கும். சர்ஜன் கையிலிருந்ததை வைத்துவிட்டு, ரத்தக் கசிவு இல்லாத இடம்தான், நிறுத்தலாம் என்றார். ஆனால் யார் நிற்பது? நான் கதவைப் பார்த்தேன். அங்கே பெரிய சிஸ்டரைக் காணோம். தொட்டியடியில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.

ஐந்து வருடமாகக் கவுன் போடாதவர், முழங்கால் வலியோடு, கைகளை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து எண்ணினோம். பஞ்சுத் துணி முப்பது, ஊசி ஒன்பது, கவ்விகள் இருபத்திரண்டு. எண்ணிக்கை சரி என்றார். நான் கவுனைக் கழற்றிவிட்டு நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் குலுங்கும்.

கழிப்பறையில் காலி செய்து, துடைத்து, பட்டையைச் சரிபார்த்து, தொட்டியடியில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அழுதிருப்பேன் என்று நினைத்தால் அப்படி ஒன்றும் இல்லை. கீழ் ரூமுக்குத்தான் போகப் போகிறோம், இந்த ஒரு கேஸையாவது முழுசாக முடித்துவிட்டுப் போவோம் என்று இருந்தது. மறுபடி கை கழுவி, புதுக் கவுன் போட்டு, உள்ளே போனேன். பெரிய சிஸ்டர் மேஜையை ஒப்படைக்க மனமில்லாதவர் போலக் கடைசிக் கவ்வியைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என் உள்ளங்கையில் அழுத்தி வைத்தார்.

ஒன்றரை மணிக்குப் புதுப் புள்ளியின் வழியாக ஒரு சிவப்பு வாய் வெளியே வந்தது. சர்ஜன் நாலு பக்கமும் தைத்தார். ஒவ்வொரு நூலையும் நான்தான் கொடுத்தேன். தட்டை வெட்டிக்கொடுங்கள் என்றார் என்னிடம். வெட்டினேன். என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் பெரிய சிஸ்டர் தன் முடிவு என்ன என்று சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். கீழ் ரூமில் ஒயரிங் பழசு, நான் வந்து மாற்றித் தருகிறேன் என்று அவர் சொன்னார். அதற்கும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வார்டுக்குப் போனேன். அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். பின்புறம் தையல் இருந்ததால் மெத்துமெத்தென்ற தலையணைமேல், ஒருசாய்த்து. என்னைப் பார்த்ததும் முதுகைக் கொஞ்சம் வளைத்து, இல்லாத ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். பை அசையவில்லை. தன்னுடையதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்திருக்கிறாராம். சொல்லாமல் வருகிறாள், கேட்காமல் பேசுகிறாள், என்ன இருந்தாலும் நம்ம வீட்டுப் பெண் என்றார். பக்கத்துக் கட்டிலில் சின்ன டாக்டர் வேறொரு நோயாளியின் வயிற்றில் குறி போட வந்திருந்தான். அந்த மனிதர் படுக்கப்போனார். வேண்டாம், முதலில் உட்காருங்கள் என்றான் பையன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தியேட்டர் வாசலில் அந்த வார அட்டவணை ஒட்டியிருந்தது. கீழ் ரூம் வரிசையில் முதலில் தேடினேன். நான் இல்லை. பெரிய கேஸ்கள் வரிசையில் என் பெயர் மூன்று நாள் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதால் பக்கத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு நர்ஸின் பெயருக்குப் பக்கத்திலும் ஸ்கேல் வைத்து ஒரு புதுக் கட்டம் போட்டு, மேலே 'பத்து நிமிடம் மாற்றிவிடுபவர்' என்று எழுதியிருந்தது. எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். என் பெயருக்கு நேராகப் பெரிய சிஸ்டர் தன் பெயரை எழுதியிருந்தார்.

அவரே பின்னால் வந்து நின்றார். நான் நன்றி சொல்லப்போகிறேன் என்று பயந்தவர் போல அவசரமாகப் பேசினார்.

"அந்த ஒம்பது மணி நேரம் நின்ன கதைய எல்லாரும் சொல்றீங்களே, அன்னைக்கு நான் கவுனுக்குள்ளயே நனைச்சுட்டேன். யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளைதான் ஏதோ சொன்னார். பெரிய சிஸ்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மணி ஏழு நாற்பத்தைந்துக்குக் கழிப்பறைக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் பெரிய சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.